மீதி வராத எண்

என் அக்கா மகளை மாரமங்கலத்தில் ஒரு காபித் தோட்டக்காரர் வீட்டில் பெண் கேட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை. அதோடு விட்டிருக்க வேண்டும். மறுவாரமே எண் பார்க்கிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தலைச்சோலையில் அக்கா வீட்டுக்கே வந்து நின்றார்கள். எனக்கு அப்போதே சந்தேகம். ஜாதகம் முடியாது என்றதை எண்ணை வைத்து முடிக்கப் பார்க்கிறார்கள்.

பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை. மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி அடி வாங்கியிருந்தாள். தாய்மாமன் என்று என்னையும் சபையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"கண்ணு, மூணு இலக்கத்துல ஒரு எண் சொல்லு," என்றார் அந்த ஆள்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு 347 என்றாள். அதைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே இன்னொரு முறை எழுதினார். 347347.

"இது பொண்ணு, இது மாப்பிள்ளை. சேத்தாச்சு. வகுத்தா மீதி வரக்கூடாது. மீதி வந்தா ஊட்டுல சண்டை."

ஏழால் வகுத்தார், மீதி இல்லை. வந்ததைப் பதினொன்றால், அதில் வந்ததைப் பதின்மூன்றால் வகுத்தார். மீதியே இல்லை. கடைசியில் 347 வந்து நின்றது.

"பாத்தீங்களா! பொண்ணு போன ஊட்டுல நெலச்சு நிக்கறா!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இருபத்தஞ்ச வெச்சுப் போடுங்களேன்," என்றேன்.

"மூணு இலக்கந்தான் ஆகும் சாமி."

ஏன் ஆகாது? போனை எடுத்தேன். மூலையில் கிடந்த மிளகு மூட்டையில் 208 என்று எழுதியிருந்தது. 208208 போட்டு அவர் வகுத்த மாதிரியே வகுத்தேன். மீதி இல்லை, 208 வந்தது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. 208ஐ ஆயிரத்தால் பெருக்கி இன்னொரு 208 சேர்த்தால் 208208. அதாவது ஆயிரத்தொன்றால் பெருக்கியது. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினாலும் அதே ஆயிரத்தொன்றுதான். எழுதும்போது பெருக்கிவிட்டு அதையே வகுத்துக் காட்டியிருக்கிறார்.

"இந்த மொளகு மூட்டைக்கும் மாப்பிள்ளைக்கும் நொம்பப் பொருத்தமுங்க," என்று போனை நீட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுருக்கென்றது. "மாமனே கட்டிக்கலாம்னு இருக்கறாராட்ட இருக்குது!"

"எனக்கு ஊட்டுல ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கே பதில் சொல்லி முடியல."

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள்.

"ஏம் மாமா, மஞ்சக்குட்டைக்காரர நெனச்சு எழுதுனாலும் மீதி வராதுங்களா?"

"எவன நெனச்சாலும் வராது கண்ணு."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளாக ஒரு எண்ணை இரண்டு தடவை அடித்து, ஏழால் வகுத்தாள். அழித்துவிட்டு வேறொரு எண் போட்டாள். ஒரு மீதியாவது வந்துவிடாதா என்று தேடுகிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு போனை என் மடியில் போட்டுவிட்டு, எண் பார்த்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாள்:

"யோசிச்சுச் சொல்லியுடறோமுங்க."