கம்பின் அந்தப் பக்கம்

முத்துமாரியிடமிருந்து போன் வந்தபோது நான் என் உதிரிபாகக் கடையில் ஒரு பிரேக் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். பழங்காநத்தத்தில் காலை நேரத்தில் போன் பேசுவது லேசான காரியமில்லை. கடைக்கு எதிரே பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நிற்கும். "அண்ணே, குபேந்திரன் சார் போயிட்டாருண்ணே" என்றாள். "எங்க?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது எங்கள் குழுவைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாடகக் குழுவில் மௌனத்துக்கும் ஒத்திகை உண்டு. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் திடீரென்று நிறுத்திவிடுவார். அடுத்தவர் பேசவும் கூடாது, போனை வைக்கவும் கூடாது. யாருக்கு முதலில் நிஜமாகவே பயம் வருகிறதோ அவர்தான் வாயைத் திறக்க வேண்டும். குபேந்திரன் அண்ணன் ஏற்படுத்திய பழக்கம் இது. அன்றும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் முத்துமாரி என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். இந்தத் தடவை தோற்கக் கூடாது என்று வீம்பாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. முத்துமாரி நன்றாக நடிப்பவள்தான், ஆனால் இது நடிப்பில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால்கூட எடுக்கக் கை போக மாட்டேனென்கிறது.

குபேந்திரன் மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தனியார் கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்தினார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மதுரைக்காரர்களுக்கு அது போதும், அண்ணே என்று கூப்பிட்டுவிடுவோம். அவருக்கு நான் மாப்ள. "பகல் பூரா கணக்குல ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு சொல்லிக் குடுக்குறேன் மாப்ள. சாயங்காலமாச்சும் சமமா வராத ஒண்ணச் செய்யணும்ல" என்பார். சமமாக வராத அந்த ஒன்றுதான் அபத்த நாடகம், வரவேண்டியவர் வராமல் மனிதர்கள் அர்த்தமில்லாமல் காத்துக் கிடக்கும் வகை. முப்பது வயதில் அவரைப் பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

அவர் எழுதி நாங்கள் இருவரும் நடித்த 'பந்தல்' நாடகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மேடையில் இரண்டு ஆட்கள் ஒரு சவுக்குக் கம்பை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே பந்தல். "பிடிச்சுக்கிருங்க, இந்தா வாரேன்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வரவில்லை. பந்தல் கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று இருவருக்கும் தெரியாது. விட்டால் விழுந்துவிடும் என்பது மட்டும் தெரியும். நடுவில் ஓரிடத்தில் வசனமே கிடையாது. இருவரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். பயந்தவன் முதலில் பேச வேண்டும். "அண்ணே, இருக்கீகளா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "இருக்கேன்" என்பார். அத்தனை வருடங்களில் ஒரு மேடையில்கூட நான் ஜெயித்ததில்லை. எல்லா ஊரிலும் முதலில் பயந்தவன் நான்தான். கம்புக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது. பந்தல் துணி லேசாக ஆடும். இருட்டில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு வரும் பயம் நடிப்பில்லை.

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைப் போட்டபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மேடையில்லாமல் மண் தரையில் போட்டபோது நடந்தது வேறு. நாங்கள் கம்பைப் பிடித்துக்கொண்டு பேச்சில்லாமல் நின்றபோது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "ஏய்யா, குழி தோண்டாம எம்புட்டு நேரம் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பீக? சொன்னா நாங்க தோண்டித் தர மாட்டமா?" என்று கேட்டுவிட்டு, கடப்பாறை கொண்டுவந்து எங்கள் காலடியிலேயே குழி தோண்டிவிட்டார். இன்னும் இரண்டு பேர் வந்து கம்பை நட்டு, கல்லைப் போட்டு மண்ணை மிதித்து இறுக்கினார்கள். நாடகம் அத்தோடு தீர்ந்தது என்று நினைத்து நான் கையை எடுத்துவிட்டேன். குபேந்திரன் எடுக்கவில்லை.

"அதான் நட்டாச்சுல்ல, விடுங்கய்யா" என்றார் கடப்பாறைக்காரர்.

"நட்டாச்சுங்க. ஆனா விட்டா விழுந்துருமோன்னு பயமா இருக்கு" என்றார் குபேந்திரன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் விடவில்லை. கை நடுங்க அப்படியே நின்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. அப்போது ஒரு பெண் எழுந்து பேசினாள். "அவரு சொல்றது நெசந்தாங்க. எங்க தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவுக காட்டுலதான் வேலை. அப்பாவுக்குத்தான் நெலம் வந்துச்சு. பட்டா குடுத்து எத்தனையோ வருசமாச்சு. இன்னமும் வரப்புல யாராச்சும் வெள்ளச் சட்டையோட வந்து நின்னா, நெலத்தப் பறிக்க வந்துட்டாகளோன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்காது. அம்புட்டு லேசா விட முடியாதுங்க" என்றாள். அந்தப் பெண்தான் முத்துமாரி. அடுத்த மாதமே பஸ் ஏறி வந்து எங்கள் குழுவில் சேர்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நாடகத்தின் முடிவைக் குபேந்திரன் மாற்றிவிட்டார். எந்த ஊரிலும் கடைசியில் கம்பை நட்டுவிடுவோம், மேடையாக இருந்தால் மண் நிரப்பிய தொட்டியில். நட்ட பிறகும் இருவரும் பிடித்துக்கொண்டே நிற்போம், விளக்கு அணையும். முன்பு இருந்ததைவிட எனக்கு இதுதான் அதிகம் பயமாக இருந்தது. "ஆள் வரலைங்கிறது சின்னப் பயம் மாப்ள. வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டுப் போனப்புறமும் இருக்கு பாரு, அதுதான் நம்ம ஊர்ப் பயம்" என்றார். அபத்த நாடகத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இந்த அளவுக்கு விளங்கியது வேறொன்றுமில்லை.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரு கருத்தரங்கில்தான். பேச வந்த ஒருவர், அபத்த நாடகத்தின் காலம் முடிந்துவிட்டது, அது எங்கோ போரில் நொந்துபோனவர்களின் சோர்வு, நமக்கு அது இரவல் சட்டை என்று அடித்துப் பேசினார். குபேந்திரன் எழுந்து மேடைக்குப் போய், தன் போனில் ஏதோ ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போட்டு மைக்குக்கு முன்னால் பிடித்தார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது ஒரு பெண் குரல். பிறகு இசை. மறுபடி அதே குரல். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவர் மைக்கிலிருந்து போனை எடுக்கவே இல்லை. குரல் வந்துகொண்டே இருந்தது. சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏசி ஓடும் அந்த அறையில் எனக்கு வியர்த்தது. "சார், இந்தம்மா யாரு, எப்ப வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டா அபத்தம் முடிஞ்சுபோச்சுன்னு நானே ஒத்துக்கிர்றேன்" என்றார் குபேந்திரன். பேச்சாளர் தண்ணீர் குடித்தார்.

குபேந்திரன் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இன்றைக்கு மதுரைக் கல்லூரிகளில் பிள்ளைகள் போடும் நாடகங்களைப் போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிப் போடுவார்கள், வேலையின்மையைப் பற்றிப் போடுவார்கள், சாதியைப் பற்றிப் போடுவார்கள். அதில் ஒரு பாத்திரம் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். வரவேண்டியவர் வரவே மாட்டார். அழவேண்டிய இடத்தில் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் குறைபட்டுக்கொண்டபோது அவர் சிரித்தார். "எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலேன்னா என்ன மாப்ள? பயம் தெரியுதுல்ல, அது போதும். அபத்தம் செத்துப்போச்சுன்னு எழுதுறாங்க. அது வேசத்தக் கழட்டிட்டு நம்மகூட டவுன் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கு" என்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நெஞ்சில் அடைப்பு. அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "ஒண்ணும் ஆகாதுண்ணே, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருவீக" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "இந்த வசனமெல்லாம் நம்ம நாடகத்துல கிடையாதுல்ல? சும்மா உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையிலிருந்த ஊசிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் பேசவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் எனக்கு முந்தி அவர் வாயைத் திறந்தார்.

"மாப்ள, இருக்கியா?"

அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இவருக்கே பயம் என்றால் நான் எங்கே போய் நிற்பேன் என்றுதான் இருந்தது. "இருக்கேண்ணே" என்றேன். அவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். அவர் மனைவி மருந்தோடு திரும்பி வரும்வரை அப்படியே இருந்தோம். பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதனால்தான் முத்துமாரி போன் செய்தபோது எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் நினைவாகப் 'பந்தல்' போடுகிறோம். அவர் இடத்தில் முத்துமாரி நிற்கிறாள். முதல் ஒத்திகையில் அந்த வசனமில்லாத இடம் வந்தது. என்னால் கேட்க முடியவில்லை. கேட்டு, அந்தப் பக்கமிருந்து பதில் வராவிட்டால்? முத்துமாரி நிற்கிறாள், அவளுக்குப் பதில் தெரியும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் கம்பைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கடைசியில் அவள்தான் அழுதுவிட்டாள். "வேணாம்ணே. அந்த எடத்த வெட்டிருவோம். ஏதாச்சும் மியூசிக் போட்டுக்கிருவோம். யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். நல்ல யோசனைதான். சரி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் என் மனைவி எனக்காகக் காத்திருந்தாள். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, போன் அடித்தால் பதறுகிறேன், தனியாக மாடிக்குப் போவதில்லை என்பதையெல்லாம் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "வாங்க, கோயிலுக்குப் போயி மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிட்டு வந்துருவோம். பயமெல்லாம் பறந்துபோயிரும்" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

"ஏன், பயம் போக வேணாமா?"

"போயிருச்சுன்னா அப்புறம் அவருன்னு எங்கிட்ட என்னதான் இருக்கு?"

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உடனே முத்துமாரிக்குப் போன் போட்டு, அந்த இடத்தை வெட்ட வேண்டாம், மியூசிக்கும் வேண்டாம் என்றேன்.

குபேந்திரனிடமிருந்து பலர் பலவற்றை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவருடைய மாணவர்களுக்குப் பாடம் இருக்கும், பேசிச் சிரித்தவர்களுக்கு அவர் கிண்டல் இருக்கும், நாடகம் போடும் பிள்ளைகளிடம் அவர் பெயர் தெரியாமலே அவருடைய வழி இருக்கும். எனக்கு மிச்சம் இந்தப் பயம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கம்பைப் பிடித்திருக்கும் என் கை நடுங்கினால் தயவுசெய்து யாரும் மேடைக்கு வந்து தைரியம் சொல்லாதீர்கள். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அதுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.