வேரைத் தேடிய ஒளி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், தென்னூரிலுள்ள ஒரு தோல் மருத்துவமனையின் மாடியறையில், கண்களின் மேல் கறுப்புக் கண்ணாடி பொருத்தப்பட்டு நான் படுத்திருந்தபோது நடந்தது இது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. திருவரங்கத்தில் குடியிருக்கிறேன், ஒரு பெண்கள் கல்லூரி நூலகத்தில், புத்தகம் வழங்கும் மேசையில் வேலை. இருபத்திரண்டு வயதிலிருந்தே என் முகவாயில் முடி முளைக்கிறது. பூனைமுடியன்று, கறுத்துத் தடித்த முடி. நாள்தோறும் எல்லோருக்கும் முன்பே எழுந்து, குளியலறைச் சன்னலின் முதல் வெளிச்சத்தில், சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத்தான் காப்பி போடுவேன். பகலில் யாரேனும் அருகில் வந்து பேசினால் கை தானாக முகவாய்க்குப் போய்விடும். மாணவிகள் நான் எதையோ ஆழ்ந்து யோசிப்பதாக நினைத்திருப்பார்கள்.

மருத்துவர் ஏறக்குறைய என் வயதுடைய பெண்மணி. முதல் நாளே பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். லேசர் ஒளி முடியின் வேரிலுள்ள கறுப்பைத் தேடிப் பிடித்துச் சுடும். ஆகவே நான்கு வாரங்களுக்கு ஒரு முடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. வேண்டுமானால் சவரம் செய்துகொள்ளலாம். வரும் நாளுக்கு முந்தைய மாலையில் கட்டாயம் செய்துகொண்டு வர வேண்டும் என்றார். ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை, ஆறு அல்லது எட்டு முறையாவது ஆகும். முற்றிலும் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மெலிந்து, குறைந்து, எப்போதாவது தலைகாட்டும். வெயிலில் அலையக் கூடாது. வலிக்குமா என்று கேட்டேன். "ரப்பர் பேண்டை இழுத்து விட்டா சுளீர்னு இருக்கும்ல, அவ்வளவுதாங்க" என்றார்.

எல்லாம் புரிந்தது. சவரம் ஒன்றுதான் உள்ளே இறங்கவில்லை. பெண்ணின் முகத்தில் சவரக்கத்தி பட்டுவிட்டால் பிறகு தாடியாகவே வளரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் விடியலில் விரல் நுனியில் முட்கள் தட்டுப்பட்டன. இடுக்கியை எடுத்துவிட்டேன்.

முதல் முறை, பிடுங்கினீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். குளிர்ந்த பசையைத் தடவினார். கண்ணாடியின் இருட்டுக்குள் ஒவ்வொரு தெறிப்பின்போதும், மூடிய இமைகளுக்கு அப்பால் ஒரு செம்பூ மலர்ந்து அவிந்தது. வலி அவ்வளவாக இல்லை. திரும்பும்போது பேருந்து காவிரிப் பாலத்தின்மேல் மெல்ல ஊர்ந்தது. கீழே மணலுக்கு நடுவே நீர் இரண்டு மூன்று இழைகளாக மினுங்கியது. காற்று முகவாயைத் தொட்டபோது, வேறு யாருடைய முகத்தையோ நான் இரவல் வாங்கி அணிந்திருப்பது போலிருந்தது. சில நாள் அந்த மயக்கத்திலேயே மிதந்தேன். பின்னர் முடிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. இரண்டாம் முறையும் இதே கதை, இதே பொய்.

மூன்றாம் முறை காத்திருக்கும் அறையில் ஓர் இசுலாமியப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெண்கள் மட்டுமே இருந்ததால் முகத்திரையை மேலே தூக்கி விட்டிருந்தார். அவருடைய முகவாயில், முந்தைய நாள் சவரம் செய்த இடம், கருமணல் தூவியதுபோல் தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. கணவர் துபாயிலிருந்து விடுமுறையில் வரப்போவதாகச் சொன்னார். உங்களுக்குப் பரவாயில்லை, வெளியே வந்தால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்று யோசியாமல் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "வீட்டுக்குள்ள மூடிக்கிட்டா இருக்க முடியும்? போன வாரம் ரேசரும் கையுமா நின்னப்ப நாத்தனா பாத்துட்டா. 'எங்கண்ணன் வந்தா யாரு மாப்பிள்ளைன்னே தெரியாம நிக்கப்போறாரு மச்சி'ங்கிறா."

நானும் சிரித்தேன். பிறகு அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, இது எத்தனையாவது தடவை, பிடுங்காமலா இப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்றாவது, பிடுங்கவில்லை என்றேன். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"அல்ஹம்துலில்லாஹ். மூணாவது தடவையிலேயே இப்படி மழமழன்னு ஆயிருச்சுன்னா, எனக்கும் ஆயிரும்ங்க."

அதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள்.

உள்ளே மருத்துவர் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே நின்றார். இரத்தத்தில் கோளாறு எதுவும் தெரியாமல், இத்தனை கவனமாக இருந்தும் முடி ஏன் அடங்க மறுக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. கண்ணாடியைப் பொருத்தினார். இருட்டுக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னிக்கு லேசரக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேங்க. நம்ம நிறத்துக்கு இது அதிகம்தான். ஆனா வேற வழி தெரியல. சுட்டுச்சுன்னா உடனே கையத் தூக்கிடுங்க."

எந்திரம் மெல்ல முரலத் தொடங்கியது. வெளியே ஒருத்தி என் பொய்யைப் பற்றிக்கொண்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஒருத்தி அதே பொய்யை நம்பி என் முகத்தின்மேல் நெருப்பைக் கூட்டுகிறாள். பசையின் குளிர்ச்சி முகவாயில் பட்டது. அந்தக் கண்ணாடி இல்லாதிருந்தால் எனக்கு வாய் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

"பிடுங்கிட்டேங்க டாக்டர். மூணு தடவையும்."

முரலல் நின்றது. பிறகு கண்ணாடியை அவரே கழற்றினார். வேரே இல்லாத இடத்தில் ஒளி எதைப் பிடிக்கும், கூட்டியிருந்தால் தோல்தான் வெந்திருக்கும், வடு விழுந்திருக்கும் என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஈரத்துணியால் பசையைத் துடைத்துவிட்டு, "நாலு வாரம் கழிச்சு வாங்க. தாடியோட வந்தாலும் பரவாயில்ல" என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்மணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பின்பு பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னை உட்காரவைத்தார். சவரம் செய்தால் தடிக்காது, வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்பதிலிருந்து, சோப்பை எப்படி நுரைக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார்.

மறுவாரம், முட்கள் மறுபடி தட்டுப்பட்ட காலையில், முதன்முறையாகச் சவரம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். செய்தித்தாளிலிருந்து தலை நிமிர்ந்த கணவர், "காதுகிட்ட நுரை இருக்கு பாரு" என்றார்; மறுபடியும் படிக்கத் தொடங்கினார். பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த முறை ஒளி உண்மையாகவே சுளீரென்றது. பன்னிரண்டாம் நாள் முகம் துடைத்த துண்டில் மிளகுத்தூள் உதிர்ந்ததுபோல் முடிகள் ஒட்டியிருந்தன. எட்டு முறைக்குப் பிறகு, இன்றும் நான்கைந்து மெல்லிய முடிகள் தலைகாட்டுகின்றன. இனி ஆண்டுக்கு ஓரிரு முறை போய் வந்தால் போதும் என்கிறார் மருத்துவர். நம் பொய்யை முழுதாக நம்பி ஒருவர் நமக்கு நன்மை செய்ய முற்படும்போது, அந்த நன்மையே நம்மைச் சுட்டுவிடக்கூடும் என்பதை மட்டும், அந்த இருட்டில் கேட்ட முரலோசையோடு சேர்த்து, இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.