வளைவு வயலில் மூன்று பலகைகள்

ஒரே மிளகாய்ச் செடியில் மூன்று கம்பெனிக் காய் பறிக்கிறாளாம் என் அக்கா. இதைச் சொன்னவர் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பூண்டு வியாபாரி. கேட்டவர் அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த என் அத்தான். தன் பெண்டாட்டியைப் பற்றிய பேச்சு என்று காட்டிக்கொள்ளாமல், "அப்படியா? காய் என்ன நிறமாம்?" என்று விசாரித்திருக்கிறார்.

"காலையில பச்சைக் கம்பெனி, மத்தியானம் சிவப்புக் கம்பெனி, பொழுது சாயறப்ப மஞ்சக் கம்பெனி. என் மச்சான் கண்ணால பாத்தான்."

அத்தான் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்தியிருக்கிறார். சாலையோரம் மேய்ந்த ஆடுதான் பயந்து ஓடியது.

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு இது போனில் வந்து சேர்ந்தபோது சிரிப்பு வரவில்லை. வழக்கு, போலீஸ், ஜெயில் என்று வரிசையாக யோசித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"டேய், செடியில எங்கடா மூணு கம்பெனி காய்க்கும்? பலகைதான் மூணு" என்றாள், ஏதோ வீட்டில் மூன்று குடை இருப்பதைச் சொல்வதுபோல.

அக்கா பயிர் செய்யும் வயல் நெடுஞ்சாலை வளையும் இடத்தில் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை. எந்த வண்டியும் அங்கே நின்று, முனகி, ஏறி இறங்கித்தான் போகவேண்டும். ஜன்னலோரம் இருப்பவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவளுடைய மிளகாயைப் பார்த்தாக வேண்டும். விதைக் கம்பெனிக்காரர்களுக்கு இப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறும். 'இந்த வயலில் விளைவது எங்கள் விதை' என்று ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டால், வேகத்தடை பாக்கி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் வந்தது பச்சைப் பலகை. அதைக் கொண்டுவந்த விற்பனை அதிகாரிக்கு அக்கா வைத்த பெயர் 'ஷூ'. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வயலில் இறங்குவார். அது நனையாமல் இருக்க வரப்பில் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றே முழு வியாபாரமும் பேசுவார். விதை இலவசம், பலகைக்கு மட்டும் இடம் கொடுங்கள் என்றார். அக்கா சரி என்றாள். அடுத்து சிவப்புக் கம்பெனி, அதுவும் விதைதான். அதற்கும் சரி. அப்புறம் மஞ்சள், அது உரக் கம்பெனி. அதற்கும்.

"வேண்டாம்னு சொன்னா பாவம், முகம் வாடிப் போகுதுடா" என்றாள் என்னிடம்.

மூன்று பலகையும் ஒரே நேரத்தில் நின்றால் முகம் மட்டுமா வாடும்? வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு, சாலையோரமாக இரண்டு இரும்புக் குழாயை நிலத்தில் புதைக்கச் சொன்னாள். பலகையின் காலைக் குழாய்க்குள் இறக்கினால் நிற்கும், உருவினால் வந்துவிடும். மற்ற இரண்டும் மோட்டார் அறைக்குள் சுவரைப் பார்த்தபடி காத்திருக்கும். அதிகாரிகள் வருவதற்கு முன்னால் எப்படியும் போன் பண்ணுவார்கள். போன் பண்ணாமல் வந்தாலும் அத்தானின் பஸ் அவர்கள் காருக்கு முன்னாலோ பின்னாலோ அந்த ஒரே சாலையில்தான் வந்தாக வேண்டும். நீளமாக ஒரு ஹாரன் என்றால் பச்சை. விட்டு விட்டு அடித்தால் சிவப்பு. மஞ்சளுக்கு ஹாரன் கிடையாது. அந்த அதிகாரி பெரும்பாலும் அத்தானின் பஸ்ஸிலேயேதான் வருவார்.

இந்தப் புத்தி அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு காய்கறி ஷெட்டில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டே அடுத்தவர் விளைவித்ததைத் தரம் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. சூப்பர்வைசர் ஒருநாள் இவர்களை ஓயாமல் விரட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் கவிழ்ந்து தூங்கிப்போனார். எழுந்து முதலாளி அறைக்குப் போனபோது அவர் முதுகில் 'இரண்டாம் தரம்' என்று இருந்தது. அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். "தப்பாத்தான் ஒட்டிட்டேன், மூணாம் தரம் ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

சரி, வயலில் நிற்பது உண்மையில் யாருடைய செடி என்று நான் கேட்டேன்.

அங்கேதான் கூத்து. இலவச விதை எப்போதுமே தாமதமாகத்தான் வரும். அதற்குள் அக்கா நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கி நட்டுவிட்டாள். என்ன ரகம் என்று பண்ணைக்காரரைக் கேட்டதற்கு, "நல்ல ரகம்" என்றார். எந்தக் கம்பெனி என்றால், "நல்ல கம்பெனி." பிறகு வந்துசேர்ந்த பச்சை, சிவப்பு விதைப் பொட்டலங்களை அப்படியே நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள். நாத்தனார் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காக்கா தவிர யாரும் எட்டிப்பார்க்காத இடம்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஆனால் நிலம் அக்காவுடையது இல்லை, குத்தகை. அந்த வளைவின் மேல் ஒரு பெட்ரோல் பங்க் பார்ட்டியும் கண் வைத்துவிட்டது. நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர்.

"ஏம்மா, பச்சைக் கம்பெனி நல்ல வயலை மூணு வருஷத்துக்கு வாடகை குடுத்து மாதிரி வயலா எடுக்குதாமே. உன்னோடதை எடுத்தா குத்தகையைப் புதுப்பிச்சுக் குடுத்துடறேன். சனிக்கிழமைக்குள்ள அவங்க வாயால வரணும். இல்லன்னா பெட்ரோல் பங்க்தான்."

வயல் போனால் அவளுக்குத் தெரிந்த வேறு வேலை அந்த மாதிரி ஷெட் வேலைதான். "மறுபடியும் ஒரு ஷெட்ல போய் நின்னு அடுத்தவங்க காயைப் பொறுக்க மாட்டேன்டா" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

இந்த நேரம் பார்த்து வந்தார் ஒரு பத்திரிகைக்காரர். வேளாண் வார இதழில் கடைசிப் பக்கத்தில் கருத்து எழுதுபவர். பத்திரிகைக்காரர்கள் போன் பண்ணிவிட்டு வருவதில்லை. அத்தானுக்கும் அவரைத் தெரியாது. பஸ் வேகத்தடையில் முனகிய நேரத்தில் இறங்கியவர், எதிரே பார்த்தது என் அக்காவை: தலையில் சிவப்புப் பலகை, கக்கத்தில் மஞ்சள் பலகை, வாயில் ஒரு பச்சை மிளகாய்.

படம் எடுத்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. பலகையை இறக்கிவைத்து டீ கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாளாம். நாற்றுப் பண்ணையை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். அந்த வாரம் அவர் எழுதியது இது:

"இந்த வயலில் பலகைகள் முறைவைத்து நிற்கின்றன. செடிகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நம் கம்பெனிகள் விதையைவிடப் பலகையை அக்கறையாகத் தயாரிக்கின்றன என்பது என் நெடுநாள் சந்தேகம். இங்கே அது தீர்ந்தது. இந்தச் சாலையிலேயே சிறந்த மிளகாய் இதுதான். யாருடையது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்."

படித்துவிட்டு உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, மூணு கம்பெனியும் சேர்ந்து வந்து நிக்கப்போகுது."

"வந்துட்டாங்க. திட்டவாடா வந்தாங்க? மூணு பேரும் செடி தன்னோடதுன்னு அடிச்சுக்கிறாங்க. உரக்காரர் சொல்றாரு, விதை யாரோடதா இருந்தா என்ன, சத்து எங்களோடதுன்னு. நான் அந்த மூட்டையை இன்னும் பிரிக்கவே இல்ல!"

'சாலையிலேயே சிறந்த மிளகாய்' என்ற மூன்று சொல்தான் அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. அதற்கு முன்னால் இருந்த பாராட்டில்லாத வரிகளைக் கம்பெனிக்காரர்கள் உரப் பையில் இருக்கும் எச்சரிக்கையைப் போலத் தாண்டிவிட்டார்கள்.

மறுநாள் ஷூ வந்து வரப்பில் ஒற்றைக்காலில் நின்றார்.

"அக்கா, மேனேஜர் ரொம்ப சந்தோஷமா இருக்கார். மாதிரி வயல் நமக்குத்தான். ஆனா ஒண்ணு கேக்கறார்."

"கேளுங்க தம்பி."

"இது நம்ம செடிதானே?"

"நீங்க குடுத்த விதையை நான் தூக்கியா போட்டேன்? ஒண்ணு விடாம முளைச்சிருக்கு." அது உண்மைதான். எங்கே முளைத்தது என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும்க்கா. இருந்தாலும் சிவப்புக்காரன் வம்பு பண்ணுவான். லேப்ல இலை வச்சுப் பாத்தா ரகம் தெரிஞ்சிடும். கொஞ்சம் இலை பறிச்சு இந்தக் கவர்ல போட்டுக் குடுங்க. நானே பறிச்சிருப்பேன்…" என்று ஷூவைப் பார்த்தார். அப்போதுதான் தண்ணீர் கட்டியிருந்தது.

"நீங்க நனையாதீங்க தம்பி. டீ குடிச்சுக்கிட்டு இருங்க, தோ வந்துட்டேன்" என்று போனவள், வாய்க்காலைத் தாண்டி நாத்தனார் வயலில் பறித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இது மோசடி" என்றேன் போனில்.

"எதுடா மோசடி? அவங்க விதையோட இலையைத்தானே அவங்ககிட்ட குடுத்தேன். பத்திரமா வளத்துத் திருப்பிக் குடுத்திருக்கேன். அங்கயே இருந்து இருந்து உனக்கு எதுக்கெடுத்தாலும் நடுங்குது. ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்து கதவில் சாய்ந்து நின்றாளாம்.

"அண்ணி, இலை பறிச்சீங்களே, எந்தப் பாத்தியில?"

"வாய்க்கா ஓரமா. ஏன்? அங்கதானே பச்சைக் கம்பெனி விதை போட்டே?"

"போட்டேன் அண்ணி. நாத்துத் தட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு பொட்டலத்தையும் கலந்து விதைச்சுட்டேன்."

அக்கா, "எங்க வீட்டுல பொறக்க வேண்டியவடி நீ, மாத்திப் பெத்துட்டாங்க" என்று சிரித்திருக்கிறாள். ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தான் என்னிடம் தனியாகச் சொன்னார். கவரில் போனது பச்சையின் இலையா, சிவப்பின் இலையா என்று இனி லேப் சொன்னால்தான் உண்டு. சிவப்பு என்று வந்தால் மாதிரி வயல் போச்சு, அதோடு குத்தகையும்.

சனிக்கிழமை அத்தான் லீவு போட்டார். நான் போனை வைக்க விடவில்லை. அவர் அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். ஆகவே இதற்குப் பிறகு நடந்ததை நான் பாக்கெட்டுக்குள் இருந்துதான் கேட்டேன்.

நிலத்துக்காரர் பங்க் ஆட்களோடு வந்திருந்தார். டேப் இழுக்கும் சத்தம். "இங்கேருந்து அந்தக் குழாய்வரைக்கும் வாசல் விடலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

"என்னம்மா, கம்பெனி ஏதாவது சொல்லிச்சா?"

"சொல்லுவாங்கய்யா. உக்காருங்க."

"எனக்கு உக்கார நேரமில்ல."

அப்போது அக்காவின் போன் அடித்தது. பெரிய சத்தம் வைத்திருப்பாள், மோட்டார் ஓடும்போது கேட்கவேண்டுமே.

"யாரும்மா?"

"பச்சைக் கம்பெனி மேனேஜர்ங்கய்யா. பாருங்க, பேரு வருது."

"எடு, எடு!"

"எடுக்கலாம். காலையிலேருந்து விட மாட்டேங்கறார்."

காலையிலிருந்து அந்த போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்பது எனக்கும் அத்தானுக்கும் தெரியும். அத்தான் இருமினார்.

"ஏன் எடுக்கல நீ?"

"எடுத்தா பேச்சு முடிஞ்சிடும்ங்கய்யா. அவரு மூணு வருஷம்ங்கறாரு. நான் அஞ்சு வருஷத்துக்குப் பாக்கறேன். கொஞ்சம் தவிக்கட்டும்."

"அஞ்சா?" நிலத்துக்காரரின் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. இழுத்த டேப் 'சரக்' என்று உள்ளே ஓடியது. மணி நின்றது. உடனே மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

நல்ல செய்தி சொல்லத்தான் ஒருவர் இப்படி விடாமல் கூப்பிடுவாரா, திட்டுவதற்கும் இப்படிக் கூப்பிடுவாரா? "அத்தான், எடுக்கச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன். அவர் வெளியிலிருந்து பாக்கெட்டை அமுக்கினார்.

"தம்பிகளா, நீங்க அந்த மரத்தடியில கொஞ்சம் நில்லுங்க" என்று நிலத்துக்காரர் பங்க் ஆட்களிடம் சொல்வது அமுங்கிக் கேட்டது. பிறகு தணிந்த குரலில், "ஏம்மா, அவங்க அஞ்சுன்னா நானும் அஞ்சு வருஷமாவே எழுதிடலாம்ல? பேப்பர் வண்டியிலதான் இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான்ங்கய்யா. பேனா இருக்கா?"

"இருக்கு. முதல்ல போனை எடும்மா, கட் ஆயிடப்போகுது."

"கட் ஆனா ஆகட்டும்ங்கய்யா, நீங்க பேப்பரை எடுத்துட்டு வாங்க" என்றாள் அக்கா. கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.