நடுவில் வலை இல்லை

லோகநாயகி எனக்கு அறிமுகமானதே ஒரு திட்டோடுதான். 1978 ஜூன் மாதம். அதுவரை சுண்ணாம்புக்குளத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்த நான், ஒன்பதாம் வகுப்புக்குப் பழவேற்காடு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போக ஏரியைக் கடக்க வேண்டும். அடுத்த குப்பத்து வடிவேலுவின் துறைப்படகுதான் வழி. வடிவேலு முன்னால் கழி பிடித்து நிற்பார். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, என் வயதுள்ள அவர் மகள் உட்கார்ந்திருந்தாள்.

நடு ஏரியில் காற்று நின்றுபோனது. பாய் சலசலத்துத் தொங்கியது.

"ஏய் பொஸ்தவம்! எந்திரி. அந்தப் பக்கம் போய் ஒக்காரு."

பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த என்னைத்தான் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தப் பக்கம்தான் ஏற்கனவே சாயுதே?"

"சாயட்டும். காத்து செத்துப்போச்சி. படவு கொஞ்சம் சாஞ்சாத்தான் பாயி தன் கனத்துக்குத் தொங்கி வயிறு தள்ளும். இருக்கிற துளிக் காத்தும் அதுல தங்கும். இன்னா, ஒன் பொஸ்தவத்துல இது போடலியா?"

மீன் கூடைக்காரிகள் சிரித்தார்கள். நான் நகர்ந்தேன். பாய் மெல்ல வயிறு தள்ளியது, படகு நகர்ந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் பொஸ்தவம்.

அவள் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்கு இரண்டு வயது இளையவன் தம்பி மாரி, என் பள்ளிக்கூடத்தில் என்னைவிட ஒரு வகுப்பு கீழே படித்தான். அவனுக்கு வாய் நீளம். அக்கா எது செய்தாலும் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான்.

அடுத்த ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு பாய்ப்படகுக் கிளப்காரர்கள் பிள்ளைகளோடு வந்து ஏரிக்கரையில் நான்கு நாள் கூடாரம் போட்டார்கள். கொண்டுவந்ததெல்லாம் சின்னச் சின்னப் படகுகள். இரண்டு பேர் மட்டும் ஏறி ஓட்டுவது, பதினேழு வயதுக்குள் இருப்பவர்கள் பந்தயம் விடுவது. பத்தரை அடி நீளம், ஒட்டுப்பலகையில் செய்தது, ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு குட்டிப் பாய். கடைசி நாள் அடித்த காற்றில் ஒரு படகின் பாய்மரம் ஒடிந்தது. "ஆள் அனுப்பி எடுத்துக்கறோம்" என்று வடிவேலுவின் துறையில் விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் வரவில்லை.

"சவரப்பெட்டி மாதிரி கீது. இதுல மனுசன் ஏறுவானா?" என்றார் வடிவேலு.

ஏறினார்கள். அக்காவும் தம்பியும் ஒரு சவுக்குக் கழியைச் செதுக்கிப் பாய்மரமாக நட்டார்கள். படகின் நடுவில் ஒரு நீளப் பிளவு இருந்தது. மீன் கழுவின தண்ணீர் வடிவதற்காக விட்ட ஓட்டை என்று மாரி அடித்துச் சொன்னான். அது, கூடவே கிடந்த பலகையைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்குவதற்கான பிளவு என்று கண்டுபிடித்தவள் லோகநாயகி. அந்தப் பலகை இறங்கியதும் படகு பக்கவாட்டில் வழுக்குவது நின்றது. காற்றுக்கு எதிரில் இடதும் வலதுமாக வளைந்து வளைந்து ஏறியது. தட்டை அடியுள்ள எங்கள் துறைப்படகுக்கு அது முடியாது. எதிர்க்காற்று என்றால் மூன்று மணி நேரம் கழி போட்டுத் தள்ள வேண்டியதுதான்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், நான் பி.ஏ. ஆனேன். சொல்கிறேன்.

1980 மார்ச். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு, கணக்குப் பரீட்சை. பத்து மணிக்கு உட்கார வேண்டும். எட்டு மணிக்குத் துறைக்கு வந்தால் மேற்கிலிருந்து கச்சான் காற்று நேர் எதிரே அடிக்கிறது. வடிவேலு உதட்டைப் பிதுக்கினார். "கழி போட்டாலும் பதினோரு மணி ஆவும் தம்பி."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று மாரி சொல்வான். நான் மறுப்பதில்லை.

"பொஸ்தவம், எந்திரி" என்றாள் லோகநாயகி. "பேனாவ வாயில கடிச்சிக்கோ. பரீட்சை அட்டைய சட்டைக்குள்ள வை. விளிம்புல ஒக்காந்து காலை அந்தக் கயித்துல மாட்டி வெளிய சாயி. நான் 'திரும்பு'னா குனிஞ்சி இந்தப் பக்கம் வந்துடணும். தலை நிமிந்தா பாயோட அடிக்கட்டை அடிக்கும்."

ஒரு தடவை அடித்தது. ஒன்பதே முக்காலுக்குப் பழவேற்காட்டில் இறங்கினேன். கால்சட்டை முழுக்க ஈரம், நெற்றியில் புடைப்பு. கணக்கில் எண்பத்தொன்று. எங்கள் குப்பத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அந்த இரண்டு எழுத்தில் ஒன்று அவளுடையது என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

அந்த வருடம் டிசம்பரில் வடிவேலுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கிளப்பிலிருந்து எழுதியிருந்தார்கள்: எங்கள் படகு ஒன்று உங்களிடம் இருக்கிறது, ஜனவரிப் பந்தயத்துக்கு இங்கே பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆள் வருவான், கொடுத்தனுப்பவும்.

வரும் மார்ச்சில் மாரிக்குப் பத்தாவது பரீட்சை. இரண்டு குப்பத்திலுமாக இன்னும் மூன்று பிள்ளைகள். கச்சான் காற்று மார்ச்சில்தான் பிடிக்கும்.

"அவங்க பொருளு. குடுத்துட வேண்டியதுதான்" என்றார் வடிவேலு.

"பதில் எழுது பொஸ்தவம்" என்றாள் லோகநாயகி.

"இன்னானு?"

"அந்தப் பந்தயத்துல இதை நாங்களே ஓட்டறோம்னு எழுது."

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம். கிளப் செயலாளர் இளங்கோவன், கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பதில் நான்கே வரி. வாருங்கள். மூன்று பந்தயம். மொத்தத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் படகு உங்களுக்கே. இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பழவேற்காட்டு இறால் வியாபாரி அமீர் ஜான் பாயின் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு மேல் படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போனோம். அங்கே பத்துப் படகுகள். வெள்ளை கான்வாஸ் ஷூ போட்ட பையன்கள். ஒருவன் எங்கள் சவுக்குக் கழியைத் தட்டிப் பார்த்து, "இது என்ன, கொடிக்கம்பமா?" என்றான்.

"ஆமா, ஜெயிச்சா கொடி ஏத்தறதுக்கு" என்றான் மாரி.

விதிப்படி சவுக்குக் கழி கூடாதாம். கிளப்பில் கிடந்த ஒரு பழைய அலுமினியக் கம்பத்தை மாட்டிக் கொடுத்தார்கள். நான் விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "கடைசியில, நங்கூரம் போட்டு நிக்குற படகுக்கும் அந்தச் சிவப்பு மிதவைக்கும் நடுவுல பூந்து போவணும். அப்ப ஊதுவாங்க. அதான் முடிவு." இருவரும் தலையாட்டினார்கள்.

முதல் பந்தயம் கிளம்பியதும் அதே கோட்டிலிருந்துதான். மற்ற படகுகள் ஒரே கும்பலாகப் புகுந்து வழி காட்டின, இவர்கள் அந்தத் தடத்திலேயே கடைசியாகப் போனார்கள். துறைமுகச் சுவரோரம் காற்று எப்படி உடைகிறது என்று அவளுக்கு இரண்டு சுற்றில் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது சுற்றில் முன்னால் யாரும் இல்லை. ஐம்பது கஜத்துக்குப் பின்னால்தான் அடுத்த படகு. முடிவுக்கோடு நெருங்கியது. இன்னும் பத்து முழம். அங்கே அவள் சுக்கானைத் திருப்பினாள். சிவப்பு மிதவையை அழகாக வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் அப்பால் போய் நின்றாள்.

ஏரியில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நிற்கிற ஒரு படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் இருப்பது வலை. வேறு எதுவும் இருக்காது. அடுத்தவன் வலைமேல் படகு ஓட்டினால் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். பேசக் கற்கும் முன்பே எங்கள் பிள்ளைகளுக்கு அது உடம்பில் ஏறிவிடும். மாரியும் வாய் திறக்கவில்லை. கரையில், கையில் விதித்தாளோடு நின்ற எனக்கே, 'அப்பாடா, வலை தப்பிச்சுது' என்றுதான் மனதில் ஓடியது. ஊதல் கேட்காதபோதுதான் எனக்கு உறைத்தது.

"திரும்பி வா! நடுவுல வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சுற்றி வந்து அவள் கோட்டைக் கடந்தபோது எட்டாவது.

கரையேறியதும் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வலை இல்ல லோகா. நான் சொன்னேனே."

"இல்லனு எனக்கும் தெரியும்டா. கைக்குத் தெரியலியே."

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். பந்தயத்துக்கு முன்னால் ஒரு துடுப்புப் படகு வேண்டும் என்று என்னைக் கேட்கச் சொன்னாள். இளங்கோவன் சார் ஏன் என்றார். வலை விஷயத்தைச் சொன்னேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "போய் நல்லாத் தேடிப் பாரும்மா" என்றார்.

மாரி துடுப்புப் போட, அவள் ஒரு கழியைத் தண்ணீருக்குள் விட்டு, நிற்கிற படகிலிருந்து சிவப்பு மிதவை வரை, அடி அடியாகத் துழாவிக்கொண்டே போனாள். திரும்பவும் அங்கிருந்து இங்கே.

"தொழாவிப் பாத்தாச்சி. ஒரு கெண்டகூட இல்ல" என்று கரைக்கு அறிவித்தான் மாரி.

அன்றைய பந்தயத்தில் முதலாவது வந்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் படகு லேசாக ஒரு குலுங்கு குலுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் நடுவில்தான் புகுந்தது. அவளைக் கேலி செய்தவர்களில் பாதிப்பேர் அன்று வாயடைத்துப்போனார்கள். மீதிப் பாதிக்கு மறுநாள் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். முதலாவது வந்தால் மொத்தத்தில் மூன்றாமிடம் உறுதி. இரண்டாவது வந்தால் சந்தேகம்தான். அவளிடம் சொன்னேன். "அப்ப ஒன்னாவது வந்துடலாம்" என்றாள், படகு ஓட்டையை அடைக்கலாம் என்பதுபோல.

கடைசிச் சுற்று வரை ஒரு நீலப் படகு முன்னால் இருந்தது. கொடிக்கம்பம் என்று கேலி பேசிய பையனுடையது. கோட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது காற்று செத்தது. எல்லாப் பாய்களும் துவண்டன. நீலப் படகுப் பையன்கள் பழக்கதோஷத்தில் உயர்ந்த பக்கத்து விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டு, கயிற்றை இழுத்து இழுத்துப் பாயை இறுக்கினார்கள். படகு நேராக நின்றது, பாய் சலசலத்தது.

எங்கள் படகில் லோகநாயகி ஏதோ சொன்னாள். மாரி பூனைபோல் ஊர்ந்து சாயும் பக்கத்துக்குப் போய்ப் படுத்தான். படகு ஒருக்களித்தது. பாய் தன் கனத்துக்குத் தொங்கி வயிறு தள்ளியது.

"என்ன பண்றாங்க? கவிழ்ந்துடப் போகுது!" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"கவிழாது சார்" என்றேன். எனக்குத்தான் தெரியுமே. ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளே படித்த பாடம்.

நடப்பதுபோலத்தான் நகர்ந்தார்கள். ஆனால் மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீலப் படகை உரசாமல் தாண்டினார்கள். இருபது முழம். பத்து முழம். எனக்கு அவள் கையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கை அசையவில்லை. நிற்கிற படகுக்கும் சிவப்பு மிதவைக்கும் சரிநடுவில் புகுந்தாள். ஊதல் கேட்டது. நான் விதித்தாளைக் கிழித்துக் காற்றில் விட்டேன். காற்று இல்லாததால் என் தலைமேலேயே விழுந்தது.

"கை திரும்பலியா?" என்று கேட்டேன், கரைக்கு வந்ததும்.

"திரும்பப் பாத்துச்சி. கண்ண மூடிக்கினேன்."

"அக்கா கண்ண மூடிக்கிச்சி. நான்தான் ஓட்டினேன்" என்றான் மாரி.

மொத்தத்தில் மூன்றாமிடம். இளங்கோவன் சார் படகை எழுதிக் கொடுத்தார். அலுமினியக் கம்பத்தையும் கழற்ற வேண்டாம் என்றார். லாரி பழவேற்காட்டில் நின்றபோது வடிவேலு காத்திருந்தார்.

"இன்னா, ஜெயிச்சீங்களா?"

"மூணாவது நைனா."

"அப்ப ரெண்டு பேருக்குப் பின்னாலயா?"

"ஆமா. படவு நம்மளுது."

அவர் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அடிப்பலகையைத் தடவினார். "சவரப்பெட்டி" என்று சொல்லிக்கொண்டு, துண்டை எடுத்து அதன்மேல் இருந்த ஐஸ் தண்ணீரைத் துடைத்தார்.

அந்த மார்ச்சில் இரண்டு நாள் கச்சான் அடித்தது. விடியும் முன்பே கிளம்பி, நெருக்கியடித்துத் தடவைக்கு இரண்டு பேராக அவள் ஏற்றிப் போனதில், மாரி உட்பட நான்கு பிள்ளைகளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இது 1988. லோகநாயகி கல்யாணமாகித் தோணிரேவில் இருக்கிறாள். காலை ஏழு மணித் துறைப்படகை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். மாரி மீஞ்சூரில் ரயில்வே வேலையில் இருக்கிறான். மார்ச் மாதம் முழுக்க அந்த இருவர் படகு எங்கள் பக்கத்துத் துறையில் பாய் கட்டித் தயாராக நிற்கும். இந்த எட்டு வருடத்தில் எங்கள் குப்பங்களில் ஒரு பிள்ளையும் எதிர்க்காற்றால் பரீட்சையைத் தவறவிட்டதில்லை.