கல் நிற்கும் இடம் வரை

குடத்தை வைப்பதுபோல் வெள்ளைக் கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெபமலர் தோட்டத்து ரோட்டில் நிற்கிறாள். சுண்ணாம்பு பூசிய கல், தேங்காயைவிடச் சற்றுப் பெரியது. வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கூடையோடு போகிற பெண்கள் நடையைத் தளர்த்தி அவளையே பார்க்கிறார்கள். மாதத்தின் முதல் நாள் என்றால் இது நடக்கும்.

“மலரக்கா, மேலயா கீழயா?”

“நியூஸ் பாக்கலையா? நாடகம் முடிஞ்சதும் டீவிய அமத்திட்டுப் படுத்திருப்பீங்க. கொஞ்சம் கீழதான்.”

பெண்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். பெற்றோல் விலை ஏறிவிட்டது என்பது அவ்வளவிலேயே, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மடுல்சீமைக் கடைவீதியிலிருந்து மேல் லயத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறவள் ஜெபமலர். அவளுடைய கூலி மாறவே மாறாது, தூரம்தான் மாறும். வெள்ளைக் கல் எங்கே நிற்கிறதோ அங்கே ஓட்டம் முடிந்தது. மிச்சத்தை ஏறியவர் தன் காலால் நடந்துகொள்ள வேண்டும். பெற்றோல் விலை குறைந்தால் கல் தண்ணீர்த் தாங்கியைத் தாண்டி லயத்து வாசல் வரைக்கும் போகும். கூடினால், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா, அதற்கும் கீழே ரோடு வளைகிற கோயில் முடக்கு என்று முடக்கு முடக்காக இறங்கி வரும்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்களே, அந்த வருடத்துக்குப் பிறகு வந்த யோசனை இது. அப்போது எல்லாரையும் போல அவளும் கூலியைக் கூட்டித்தான் பார்த்தாள். ஒவ்வொரு ஹயர் ஓட்டமும் சண்டையில் முடிந்தது. “கூட்டிக் கேட்டா, என்னமோ அவுங்க வீட்டுக் கோழியத் திருடிட்ட மாதிரிப் பாக்குறாங்க. ‘இங்க எறங்கி நடங்க’ன்னு சொன்னா சிரிச்சிட்டே நடக்குறாங்க. மனுசன் காசக் குடுக்கத்தான் அழுவான், காலக் குடுக்க அழ மாட்டான்.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெரிய கம்பெனியின் முதலாளிக் களை வந்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவள். காதை மூடிய கம்பளிக் குல்லா, ஆம்பளைச் செருப்பு, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை. ஏறுகிற ஆளைக் கண்ணாலேயே நிறுப்பாள். “போன மாசம் நீங்க ஒத்த ஆளு. இப்ப ஒன்றரை. கொஞ்சம் நடுவுல உக்காருங்க.” இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடுவாள். பின்னால் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடிப்பார். அவளோ மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி, “எறக்கம் ஆண்டவர் குடுத்தது, அதுக்கு எதுக்கு எண்ணெ?” என்பாள். பயந்தவர்கள் யாரும் இறங்கி நடந்ததாகத் தகவல் இல்லை.

கல்லை எந்தக் கணக்கில் வைக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேஸ் ஒருமுறை போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, கல் இன்னும் சற்று மேலே நிற்க வேண்டும் என்றான். “தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஜெபமலர் உடனே நகர்த்தி வைத்தாள். மறுநாள் அவன் கொண்டுவந்த அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்து, “இவரு யாரு, கூட வந்தவரா?” என்று கேட்டு அதற்கும் ஓர் ஆள் கூலியை வாங்கிக்கொண்டாள். சுரேஸ் அதற்குப் பிறகு போனில் கணக்குப் போடுவதை விட்டுவிட்டான்.

மாரியம்மன் கோயில் திருவிழா அன்று பொடியன்கள் சிலர் கல்லைத் தூக்கி லயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களையெல்லாம் ஜெபமலர் முகம் சுளிக்காமல் கல் நின்ற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். சட்டம் என்றால் சட்டம்தான். அடுத்த நாள் கல் பழைய இடத்துக்கு வந்திருந்தது. “கல்லே இம்புட்டுத் தூரம் நடந்து போய்ட்டு வருது. ஒங்களுக்கு என்ன நோவு?” என்று மட்டும் கேட்டாள்.

இந்த மாதம் ஏறிய விலைதான் விளையாட்டைக் கெடுத்தது. கல் கோயில் முடக்குக்குக் கீழே போயாக வேண்டும். முடக்குக்கு மேலேதான் அந்த ரோட்டின் நெஞ்சை அடைக்கிற ஏற்றம். சுரேஸ் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டான்.

“அக்கா, கல்லு முடக்குக்குக் கீழ போச்சுன்னா மேல் லயத்து ஆளுங்க எல்லாம் துஷாந்த் வண்டிக்குப் போயிருவாங்க. கமிட்டியில பேசியாச்சு. என்மேல கோவிச்சுக்காதீங்க.”

துஷாந்த் புதிதாக வந்தவன். அவன் ஆட்டோவில் கலர் கலராக லைட், பாட்டுப் பெட்டி, வாசல் வரைக்கும் சவாரி. கூலிதான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏற்றத்துக்குத் தனியாக வாங்குவான். நிறுத்திவைக்கும் நேரத்துக்குத் தனியாக வாங்குவான். பனி மூடிவிட்டால், “லைட்டு எரியுதுல்ல?” என்று அதற்கும் கேட்பான்.

ஜெபமலருக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. கடைவீதி ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். அங்கே வருகிற சவாரிகளை ஆண்களே தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். மேல் லயம் கைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. கல்லை மேலேயே விட்டுவைத்தாலோ ஒவ்வொரு ஓட்டமும் கையைக் கடிக்கும், கொஞ்ச நாளில் வண்டியே நின்றுவிடும். அவள் கல்லை முடக்குக்குக் கீழே வைத்தாள். கையைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் வெகுநேரம் எஞ்சினைப் போடவே இல்லை.

சொன்னது போலவே நடந்தது. மேல் லயத்து ஆட்கள் அவளைப் பார்த்தால் வானத்தைப் பார்த்தார்கள், துஷாந்தின் வண்டியில் ஏறினார்கள். ஜெபமலர் காலி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆட்டோ அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பெரியாயி கடைவீதியில் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள், மேல் லயத்துக் கடைசி வீட்டுக் காம்பராக்காரி. கையில் கிளினிக் மருந்துப் பை. வலது முட்டி வீங்கியிருந்தது. துஷாந்த் தன் கூலியைச் சொல்லிக் கூப்பிட்டான். “அந்தக் காசுக்கு நான் புது முட்டியே வாங்கிப் போட்டுக்குவேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியாயி ஜெபமலரின் வண்டியில் ஏறினாள்.

துஷாந்த் விடவில்லை. சாமான் பையோடு சுரேஸை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் ஜெபமலர் வண்டியை நிறுத்தியதும் அவனும் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

“பெரியம்மா, மிச்சத்துக்கு நான் இருக்கேன். வாங்க.”

பெரியாயி ஏற்றத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, வழக்கமான கூலியை எடுத்து நீட்டினாள். சுரேஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஜெபமலர் காசை வாங்கிக் குல்லாவுக்குள் செருகினாள். கீழே இறங்கினாள். வெள்ளைக் கல்லைத் தூக்கி வந்து பெரியாயியின் மடியில் வைத்தாள்.

“கெட்டியாப் புடிச்சுக்கங்க, பெரியம்மா.”

“என்னக்கா, கல்லத் தூக்கிட்டுப் போறீங்க?” என்றான் துஷாந்த்.

“கல்லு நிக்கிற எடம் வரைக்கும்தான தம்பி என் ஓட்டம்? அது இன்னும் நிக்கலையே.”

ஆட்டோ உறுமிக்கொண்டு முடக்கில் திரும்பி ஏறியது. பிள்ளைக்காம்பராவைக் கடக்கும்போது பெரியாயிக்குச் சந்தேகம் வந்தது.

“இந்தா மலரு, இந்தக் கல்லுக்கும் ஒரு ஆளுன்னு கூலி கேப்பியா?”

“மடியிலதான உக்காந்திருக்கு. மடிப் புள்ளைக்கு நான் காசு வாங்குறதில்ல.”

கடைசிக் காம்பராவின் வாசலில் பெரியாயியை இறக்கிவிட்டு ஜெபமலர் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“அடுத்த கிளினிக்குக்கும் கல்லு கூட வருமா?”

“முட்டி வீங்குனா வரும். சோம்பேறித்தனம்னா வராது.”

அவள் இறங்கி வந்தபோது துஷாந்தின் ஆட்டோ நின்ற இடத்திலேயே நின்றது. வண்டிக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க நிறுத்தியதே துஷாந்த்தான். இப்போது அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்கிறான். தர முடியாது என்கிறான் சுரேஸ். ஜெபமலர் இரண்டு பேரையும் பார்க்காததுபோல் இறங்கி, கல்லை முடக்குக்குக் கீழே அதே இடத்தில் வைத்தாள். அவசரத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவள் கவனிக்காமல் வண்டியில் ஏறினாள்.

சுரேஸ் சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு துஷாந்தின் வண்டியிலிருந்து இறங்கினான்.

“அக்கா, நாளைக்குக் காலைல டவுனுக்குப் போகணும். எத்தன மணிக்கு வருவீங்க?”

“நீங்க வந்து கல்லுக்கிட்ட நில்லுங்க தம்பி. வண்டி வரும்.”

அவன் ஏற்றத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். சாய்ந்திருந்த கல்லை நேராக நிமிர்த்தி, அடியில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போனான். ஜெபமலர் அதைக் கண்ணாடியில் பார்த்தாள். ஹோர்னை ஒரு தரம் அடித்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தி, வண்டியை இறக்கத்தில் உருள விட்டாள்.