அசையாமல் கேட்க வேண்டிய பாட்டு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. இயந்திரம் டக் டக்கென்று இடிக்க ஆரம்பித்ததும், இந்தப் பக்கம் ஸ்கேன் எடுப்பவளின் தலை தானாக ஆடத் தொடங்கிவிடும். இடுப்புக்கு ஒரு தாளம், மூளைக்கு ஒரு தாளம் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "மூளைல அந்தக் கடைசி நாலு நிமிஷம் இருக்கே, அடடா!" என்பாள். டாக்டர், கட்டி ஏதும் தென்பட்டதோ என்று பதறி ஓடி வருவார்.

இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, காலடி ஓசை கேட்காத நடை. மெல்லிசைக்கே முகம் சுளிப்பவள் போலிருப்பாள். வீட்டில் துணி மடிக்கும் அறையில் உட்கார்ந்து அவள் செய்வதோ இண்டஸ்ட்ரியல் மெட்டல் கலந்த டார்க் சைக்கடெலிக் டிரான்ஸ் இசை. ரயில் வேகத்தில் ஓடும் இடி, அதன் மேல் ரம்பமாய் அறுக்கிற கிதார், நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகும் குரல். முனகுவது புருஷன். பல்வலியில் கிடந்தபோது அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தது. "எம்பேரெல்லாம் போட வேணாம், கதவ மட்டும் சாத்திக்கோ" என்கிறார்.

அவளுக்கு டமாரம் என்று பேர் வைத்தது அக்கா, ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. எட்டு வருஷத்தில் தங்கையின் எந்தப் பாட்டையும் அரை நிமிஷம் தாண்டிக் கேட்டதில்லை. "நிறுத்துடி, பேய் பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு." டமாரம் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவாள். உள்ளுக்குள் வலிக்கும். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் நூறு பேர் கேட்டு என்ன, அக்கா ஒன்றையாவது முழுசாகக் கேட்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு இப்போது இடுப்பு வலி, கால் மரத்துப்போகிறது. ஸ்கேன் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இரண்டு முறை உள்ளே போன அக்கா, ஐந்தாவது நிமிஷமே ஸ்கேனை நிறுத்தச் சொல்லக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிறவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "காதுல புல்லாங்குழல் போட்டீங்க, சரி. திடீர்னு யாரோ சுத்தியலால அடிக்கிறான்டி. செத்தேன்னு நெனச்சேன்."

மூன்றாவது முறை டமாரம் புல்லாங்குழலைத் தூக்கிவிட்டுத் தன் பாட்டைப் போட்டாள். அந்த இடுப்புத் தாளத்துக்கென்றே செய்தது. எது சுத்தியல், எது பாட்டு என்று பிரிக்க முடியாது. "அசையாம படு. பிடிக்கலேன்னா பந்த அமுக்கு."

ஐந்து நிமிஷம் போனது. பத்தும் போனது. பந்து அமுங்கவில்லை. பதினான்காவது நிமிஷம் திரையில் முதுகெலும்பு கலங்கலாக வந்தது. பதறிப்போய்க் கண்ணாடி வழியே பார்த்தாள். இயந்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் வலது பாதம், தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.

மைக்கை அமுக்கினாள். "கால ஆட்டாத. படம் கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும்."

"எடு. பாட்டையும் மொதல்லேருந்து போடு."

டமாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் போய், அக்காவின் இரண்டு பாதங்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.