வெட்டச் சொன்னார்... சேர்த்தேன்

போன புதன்கிழமை, மேற்குத் தாம்பரம் பஸ் நிலையத்தில் ஒருவர் என்னை மறித்தார்.

"சார், ரெண்டே நிமிஷம். சின்ன சர்வே."

இதற்கென்றே நம் எல்லோரிடமும் ஒரு நடை இருக்கிறதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி நழுவுகிற நடை. நழுவினேன். நாலு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். தலையில் கம்பெனித் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஊரப்பாக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக, போகிறவர் வருகிறவரிடம் 'வீடு வாங்கும் எண்ணம் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தார் எஸ்தர்.

சமூகப்பணியில் முனைவர் பட்டம் பெற்றவர்.

அவர் அந்த வெயிலில் நிற்பதற்கு நான் ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொன்னால் அதுவும் ஒருவகைப் பெருமையாகிவிடும். ஆனால், ஒரு காரணம். அது நடந்து மூன்று வருடம்; அதற்குள் இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன் — மழை, மாம்பழம், மின்சார ரயிலின் கடைசிப் பெட்டி. இதை மட்டும் எழுதவில்லை.

எஸ்தரை எனக்கு அறிமுகம் செய்ததே இந்தப் பத்திதான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை வாசலில், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தேன். 'மாலை வெயிலில் மைனாக் கூட்டம்போல் கலகலக்கிறார்கள்' என்று ஒரு வரி. நிறையப் பேர் பாராட்டினார்கள். ஒரே ஒரு மெயில் வேறு மாதிரி வந்தது.

"சார், அவங்க சந்தோஷத்துல சத்தமா பேசல. பவர் பிரஸ் பக்கத்துல வருஷக்கணக்கா நின்னு காது மந்தமாயிடுச்சு. கத்தினாத்தான் ஒருத்தருக்கொருத்தர் கேக்கும்."

கீழே பெயர். எஸ்தர், கௌரவ விரிவுரையாளர்.

மைனாக்கள் பறந்துவிட்டன.

வெட்கத்தோடு பதில் போட்டேன். ஒருநாள் நேரில் வந்தார். தகடு வெட்டுகிற, வளைக்கிற அந்த பிரஸ்களில் விரல் இழந்த பெண்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. பிறந்து வளர்ந்த வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், திருவிருந்தின்போது அப்பம் வாங்க நீள்கிற கைகளைப் பார்த்தே யார் எந்த மெஷினில் நின்றவர் என்று சொல்லிவிடுவாராம். சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

சமூகப்பணி ஆராய்ச்சி ஒரு விசித்திரமான தொழில். ஊரார் படும் பாட்டைக் கேட்பதற்கு அதில் பயிற்சி உண்டு. தான் படும் பாட்டைச் சொல்ல இடம் கிடையாது. பட்டம் வாங்குகிறவரை உதவித்தொகை என்று ஏதோ சொட்டும். வாங்கிய மறுநாள் குழாய் நின்றுவிடும். அப்புறம்? வகுப்புக் கணக்கில் சம்பளம். கோடை விடுமுறைக்குச் சம்பளமே இல்லை. கருத்தரங்குக்குப் போனால் பதிவுக் கட்டணம் கைக்காசு — திரும்பும்போது ஒரு பை, ஒரு பேனா, ஒரு சான்றிதழ். கட்டுரை வெளியாக வேண்டுமா? பல இடங்களில் அதற்கும் எழுதியவரே கட்ட வேண்டும். எங்கோ ஓர் அறக்கட்டளை ஃபெல்லோஷிப் அறிவித்தால், அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்து சேரும்போது கடைசித் தேதிக்கு நாலைந்து நாள்தான் மிச்சம் இருக்கும்.

எஸ்தருக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இரண்டு வருட ஃபெல்லோஷிப். மாதாமாதம் ஒரு தொகை, களத்துக்குப் போய்வரச் செலவு, வெளிமாநிலத்தில் ஆறு வாரம் ஆய்வுமுறைப் பயிற்சி. எஸ்தரின் கண் அந்தப் பயிற்சி மேல்தான். தன்னிடம் இருக்கும் முப்பத்தோரு நேர்காணல்களை ஒரு புத்தகமாக்கத் தனக்கு இன்னும் தெரியவில்லை, யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்றார். வயது வரம்பு நாற்பது. அவருக்கு அப்போது முப்பத்தொன்பதரை. அடுத்த அறிவிப்பு இரண்டு வருடம் கழித்து.

ஆக, ஒரே பஸ். அதுவும் கடைசி பஸ்.

விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷ். ஒரு பக்கம் மட்டும் அவரவர் மொழியில் எழுதலாம். 'களத்தின் குரல்கள்' என்று தலைப்பு. நீங்கள் சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். எஸ்தர் எழுதியது இரண்டேகால் பக்கம் ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாள்களோடு என் வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

"ஒரு பக்கமா சுருக்கித் தாங்க சார். எவ்வளவு வேணா வெட்டுங்க. சேக்க மட்டும் வேணாம்."

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்... என்ன ஒரு நினைப்பு!

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எஸ்தரின் எழுத்து தாலுகா ஆபீஸ் மனுபோல் இருந்தது. வயது, எந்த மெஷின், எந்தக் கை, எத்தனை நாள் லீவு. நடுநடுவே மேற்கோள் குறிக்குள் அந்தப் பெண்களின் பேச்சு. அதில் கஸ்தூரி என்று ஒருவர். இடது கையில் இரண்டு விரல் இழந்தவர். அவர் சொன்னதாக எஸ்தர் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"ரெண்டு வெரல் பூட்ச்சு. எட்டு நாள் லீவு குட்த்தாங்க. ஒம்பதாம் நாள் போய்ட்டேன்."

சப்பென்று இருந்தது எனக்கு. இரண்டு விரல் போன ஒரு பெண் இப்படியா பேசுவாள்? இதைப் படித்தால் எந்தத் தேர்வுக் குழுவுக்கு நெஞ்சு அடைக்கும்? எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. வார்த்தை வந்துவிட்டால் அது யாருடையது என்று கேட்கத் தோன்றாது. வந்தது:

'இரும்பு என் விரல்களைத் தின்றது. பசியை மட்டும் என்னிடம் விட்டுச் சென்றது.'

கஸ்தூரியின் மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டு, அதே மேற்கோள் குறிக்குள் இதை வைத்தேன். வைத்துவிட்டு வாய்விட்டுப் படித்தேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

திங்கட்கிழமையும் ஒரு கமாவை வைப்பதும் எடுப்பதுமாகப் பொழுதைக் கழித்துவிட்டு, நாலேகாலுக்குத்தான் அனுப்பினேன். எஸ்தர் கடைசி வகுப்பை முடித்து ஓடிவந்து, ஸ்டேஷன் எதிரில் ஒரு பிரவுசிங் சென்டரில் காத்திருந்தார். இணையதளத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஏறியது. போன் செய்து சொன்னார்.

"படிச்சுப் பாத்தீங்களா எஸ்தர்?"

"எங்க சார் நேரம்? நீங்க எழுதினது... நல்லாத்தான் இருக்கும்."

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. குழுவில் மூன்று பேர். நடந்ததை எஸ்தர் எனக்குப் பிறகு சொன்னபடியே சொல்கிறேன். மூவரில் ஓர் அம்மா, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, என் வரியைச் சத்தமாகப் படித்தாராம். அருமையான வரி என்றாராம். எஸ்தர் அந்த வரியை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அந்த அம்மாவின் அடுத்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. இது எத்தனையாவது நேர்காணல்? ஒலிப்பதிவு எண் என்ன?

எழுதுகிறவனுக்கு மேற்கோள் குறி ஒரு நகை. ஆராய்கிறவருக்கு அது சத்தியம். அந்த இரண்டு கொக்கிகளுக்குள் இருப்பதை ஒரு மனிதர், ஓர் இடத்தில், ஒரு நாள், தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மேற்கோள்களைப் போட்டுப் பிழைக்கும் எனக்கு இது தெரியவில்லை.

எஸ்தர் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். பதினேழு என்று சொல்லியிருந்தால் யார் அங்கேயே ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டிருக்கப் போகிறார்கள்? கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாராம். அதில் இல்லை என்று தெரிந்தே புரட்டினாராம். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்:

"இது அவங்க சொன்னது இல்ல மேடம். படிக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான்."

யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அந்த அம்மா தன் முன்னிருந்த விண்ணப்ப ஃபைலை மெதுவாக மூடி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாராம். மூடின ஃபைலுக்கு நன்றி எதற்கு?

திரும்பும் ரயிலிலிருந்து எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, இனிமேல் மத்தவங்க பேச்சைத் தொடாதீங்க சார் என்று மட்டும் சொன்னார். நான் பதறிப்போய், தேர்வுக் குழுவுக்கு நானே கடிதம் எழுதுகிறேன், குற்றம் என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் சார். வேற ஒருத்தர் எழுதிக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா அது இன்னும் அசிங்கம்."

அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? 'அப்பாடா' என்று இருந்தது. ஒரே ஒரு நொடி. விண்ணப்பத்தைக் கெடுத்ததைக்கூட அறியாமை என்று எழுதிக்கொள்ளலாம். இந்த அப்பாடாவை எந்தக் கணக்கில் எழுதுவது? கடிதம் எழுதியிருந்தால் பலன் இருந்திருக்குமோ, இருந்திருக்காதோ... நான் எழுதவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டேன். அதற்குப் பிறகு எஸ்தரிடம் பேசவும் கூச்சம். கூச்சம் மூன்று வருடம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் போன புதன்கிழமை.

"ஓடிடலாம்னு பாத்தீங்களா சார்?" என்று சிரித்தார்.

வெயில் அவர் முகத்துக்கு நேரே அடித்தது. டேப்லெட்டை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு பேசினார். கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவுக்கு ஆள் சேரவில்லை என்று கௌரவ விரிவுரையாளர்களை நிறுத்திவிட்டார்களாம். இந்த சர்வே வேலையில் தினக்கூலி. தான் கேட்டால் ஜனங்கள் நின்று பதில் சொல்கிறார்கள் என்று கம்பெனியில் நல்ல பெயராம். அந்த முப்பத்தோரு நேர்காணல்களும் பத்திரமாக சூட்கேஸில் இருக்கின்றனவாம்.

திருமுடிவாக்கம் பக்கம் போவதுண்டா என்று கேட்டேன்.

"போறேனே. ஆராய்ச்சிக்கு இல்ல சார். காதுகுத்து, கல்யாணம்னு கூப்பிடறாங்க." டேப்லெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "கஸ்தூரி அக்காகிட்ட உங்க வரிய படிச்சுக் காட்டினேன்" என்றார்.

மெல்லக் கேட்டேன்: என்ன சொன்னார்கள்?

"'இன்னாம்மா எழுதிக்கீறாரு அந்த ஆளு? பசியா? அன்னிக்கி பூரா எனக்கு வாந்தி. மூணு நாளு சோத்தப் பாத்தாலே கொமட்டிச்சு. பசின்னு யாரு சொன்னாங்கோ?'ன்னு கேட்டாங்க சார்."

அதே குரலில் சொல்லிக் காட்டினார். இரண்டு பேருமே சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

ஆமாம்... நான் போட்ட வரி அழகு மட்டும் இல்லை, தப்பும்கூட. 'ஒம்பதாம் நாள் போய்ட்டேன்' என்பதற்குள் எல்லாமே இருந்தது. வீட்டு வாடகை இருந்தது; வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது; கட்டு பிரிக்காத கையோடு பஸ் கம்பியைப் பிடித்தது இருந்தது. எனக்குத்தான் காது மந்தம்.

நின்ற கையோடு சர்வேயையும் முடித்துக்கொடுத்தேன். வீடு வாங்கும் எண்ணம் உண்டா? "இருக்கிற வீட்டிலேயே இன்னும் முழுசாகக் குடியேறவில்லை" என்றேன். எஸ்தர் விரலைத் திரைக்கு மேலே நிறுத்திக்கொண்டு, "ஆமாவா, இல்லையா சார்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

இல்லை என்றேன். இல்லை என்று போட்டார். கூட ஒன்றும் சேர்க்கவில்லை.

இந்த வாரம் இதை எழுதுவதால் அவருடைய வயது நாற்பதுக்குக் கீழே இறங்கிவிடப் போவதில்லை. ஃபெல்லோஷிப் திரும்பி வராது. அன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. மூன்று வருடம் தாமதமாக, வேறு விலாசத்துக்குப் போகிறது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் யாராவது படித்தால் — அந்த வரி என்னுடையது. எஸ்தர் கேட்டது வெட்டுவதற்கு மட்டும்.

எஸ்தர், கஸ்தூரி இரண்டும் அவர் வைத்துக்கொடுத்த மாற்றுப் பெயர்கள். ஆராய்ச்சியில் அதுதான் வழக்கமாம். பேசியவரிடமே எழுதியதைக் காட்டிச் சரிபார்ப்பதும் வழக்கமாம். அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். தான் சொன்னதிலும் கஸ்தூரி சொன்னதிலும் திருத்தம் ஒன்றும் இல்லை என்றார். என்னுடைய ஒரு வரியில் மட்டும் கைவைத்தார். விடைபெறும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன என்று எழுதியிருந்தேன்.

"கலங்கல சார். வெயிலு."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.